வேறு கதவில் ஒட்டிய சீட்டு

பிரவீன் போன் செய்தபோது குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த மஞ்சக்குப்பம் மென்பொருள் அலுவலகத்தில் இப்போது சோதனைப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை மறக்காத பையன்.

“மேடம், புதுசா ஒரு பேட்ச் பசங்க வேலைக்கு வந்திருக்காங்க. வெப்சைட் சான்றிதழோட ஆயுள கொறச்சிக்கிட்டே வர்றாங்க இல்ல, இனிமே கையால போட்டு மாளாது. எல்லாம் ப்ளக்இன்தான். அத டெஸ்ட் பண்றதுக்கு நம்ம செக்லிஸ்ட குடுத்தேன். மொத வரி ஏன் அப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க. நீங்க ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

அந்த முதல் வரி இதுதான்: ‘கைபட்ட பெயரில் சோதனை செய்யாதே.’ அலுவலகத்தில் அதற்கு ‘அமலா மேடம் ரூல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஞானம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு முகம் சுண்டிப்போகும். ரூலை எழுதியது நான் இல்லை. என்னால் எழுத வேண்டி வந்தது, அவ்வளவுதான். கேட்டுவிட்டாய் பிரவீன், எழுதிவிட்டேன். நீ எதிர்பார்த்த மாதிரி இருக்காது.

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் என் வேலை தொடங்கியது. வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான் என்பதால், சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பது என் வேலை. பாட்டிலை, பிடிக்கப்போகிற அதே தண்ணீரால் அலசிக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அலசாமல் பிடித்தால், நேற்றைய தண்ணீரின் மிச்சம் இன்றைய தண்ணீருக்குப் பதிலாகப் பேசிவிடும். வருடக்கணக்காக அலசி அலசி என் கைக்கு அது தானாகவே வந்தது. பிறகு கம்பெனியை மூடினார்கள். எனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து படித்து, சோதிக்கிற வேலை எதுவானாலும் எனக்கு வரும் என்று வாய்ச்சவடால் விட்டு, மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் டெஸ்டராகச் சேர்ந்துவிட்டேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தணிகாசலம் சார். புவனகிரிக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். அவர் யாரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டு விசாரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நம் பக்கத்தில் உட்காருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் துணியில் கிழித்த ஒரு துண்டால் துடைத்து, மறுபடி மாட்டுவார். நம்முடைய மௌஸைத் தொடவே மாட்டார். அதன்பிறகு ஒரே கேள்விதான்.

“என்னா பாத்தீங்க?”

சேர்ந்த புதிதில் ஒரு கடையின் வெப்சைட்டைச் சோதித்துவிட்டு, மெயில் நன்றாகப் போகிறது என்று சொன்னேன்.

“போவுதுன்னு யாரு சொன்னா?”

“‘அனுப்பப்பட்டது’ன்னு ஸ்க்ரீன்ல வந்துச்சி சார்.”

“அது ஸ்க்ரீன் சொன்னது. வந்து சேந்த மெயில பாத்தீங்களா?”

போய்ப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. அவர் திட்டவில்லை. கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். “அமலாம்மா, புரோகிராம் தன்னப் பத்தி தானே சொல்றத நம்பறதுக்கு, சம்பளம் குடுத்து ஒரு ஆளு வேணாம்” என்றார். எழுந்து போய்விட்டார்.

புரோகிராம் எழுதுகிற அருளுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சாரைக் கண்டால் கிண்டல். “மச்சான், சாம்பார்ல உப்பு இருக்குதுன்னு இந்தாளுகிட்ட சொல்லிப் பாரேன். உப்ப கண்ணால பாத்தியாடான்னு கேப்பாரு” என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் வேலையில் அவரையே பின்பற்றினேன். சில வருடங்களில் என் பேச்சுக்கு அலுவலகத்தில் ஒரு மதிப்பு வந்துவிட்டது. அமலா பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். எனக்கும் அது கொஞ்சம் தலைக்கேறியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெப்சைட்டைத் திறந்தால் மேலே சின்னப் பூட்டுப் படம் தெரியும். இது உண்மையான ஆளின் தளம்தான், நடுவில் வேறு யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று அதற்குப் பொருள். அந்தப் பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்கிற நிறுவனம், பெயர் உங்களுடையதுதானா என்று முதலில் பார்க்கும். ‘இந்தச் சீட்டை உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டுங்கள், நான் வந்து பார்க்கிறேன்’ என்று சொல்வது மாதிரியான ஏற்பாடு அது. அவர்கள் கொடுக்கிற ஒரு வரியை நம் டொமைன் பெயரின், அதாவது தள முகவரியின், கீழ் பதிய வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, இருந்தால் சான்றிதழ் தருவார்கள். சில மாதங்களில் அது காலாவதியாகும். மறுபடி சீட்டு, மறுபடி கதவு. காலாவதியாகி ஒரு நிமிடம் தாண்டினாலும் போச்சு. தளத்தைத் திறக்கிறவர்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும். உங்கள் விவரங்களை யாரோ திருடப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கும்.

இதையெல்லாம் ஆள் இல்லாமல் செய்ய அருள் ஒரு ப்ளக்இன், அதாவது தளத்தோடு செருகிவிடுகிற சின்னப் புரோகிராம், எழுதினான். சீட்டை அதுவே ஒட்டும், அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் அதுவே கிழித்துவிடும். சிதம்பரத்தில் ஒரு நர்சிங் கல்லூரி எங்கள் வாடிக்கையாளர். அவர்களுக்குத்தான் முதலில் அதைப் போடுவதாக இருந்தது. சோதிக்கிற பொறுப்பு என்னுடையது.

சோதனைக்கென்று அலுவலகம் ஒரே ஒரு டொமைன் பெயரை வாங்கி வைத்திருந்தது. முதல் நாள், எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக, அந்தப் பெயரில் சீட்டை நானே என் கையால் பதிந்தேன். அவர்கள் பார்த்தார்கள், சான்றிதழ் வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். கையால் போட்டதை அழித்துவிட்டு, அதே பெயரில் ப்ளக்இன்னை ஓட்டினேன். பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று வந்து, கூடவே சான்றிதழும் வந்தது. மறுநாளும் ஓட்டினேன். வெவ்வேறு கம்ப்யூட்டரில், நெட்டைப் பாதியில் பிடுங்கிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றிவிட்டு என்று எனக்குத் தெரிந்த கோணமெல்லாம் பார்த்தேன். நான் கெடுத்த இடத்தில் கெட்டது, மற்ற எல்லா இடத்திலும் பச்சைதான்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒரு பெயரை ஒரு தடவை சரிபார்த்துவிட்டால், சான்றிதழ் தருகிற நிறுவனம் அதைச் சில வாரங்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குள் மறுபடி கேட்டால், ‘போன வாரம்தானே வந்து பார்த்தோம்’ என்று சீட்டைப் பார்க்க வராமலேயே கொடுத்துவிடும். என் கை ஒட்டிய சீட்டுக்கு அவர்கள் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாராட்டை ப்ளக்இன் வாங்கிக்கொண்டது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று யாருமே கேட்கவில்லை. நேற்றைய தண்ணீர் பேசிக்கொண்டிருந்தது. பாட்டில் அலசிய கைக்கு அது உறைக்கவில்லை.

தணிகாசலம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“என்னா பாத்தீங்க அமலாம்மா?”

“எல்லாம் பாத்துட்டேன் சார். ஒவ்வொரு தடவையும் சான்றிதழ் வந்துடுது.”

“ப்ளக்இன் போட்ட பதிவ கண்ணால பாத்தீங்களா?”

“போட்ட வேகத்துல எடுத்துடுது சார். கண்ணுல மாட்ட மாட்டேங்குது. ஆனா பதிவு இல்லாம அவுங்க எப்படி சான்றிதழ் குடுப்பாங்க?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ப்ளக்இன்னைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, பதிவைக் கண்ணில் காட்டச் சொல்லியிருப்பார். என்னைப் பார்த்து, “நீங்க சொன்னா சரி” என்று எழுந்துவிட்டார். அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டு போனேன். இப்போது அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வந்தால் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சிதம்பரம் போய்க் கல்லூரியில் நானும் அருளும் ப்ளக்இன்னைப் போட்டோம். அவசரத்துக்கு முதல் சான்றிதழைக் கையால் வாங்கினோம். அப்புறம் ப்ளக்இன்னை ஓட்டிக் காட்டினோம். பச்சை. இனிமேல் நீங்கள் இதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று அட்மிஷன் பார்க்கிற மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். அந்த மேடம் கல்லூரியைச் சுற்றிக் காட்டினார். பிள்ளைகள் பொம்மையைப் படுக்கவைத்து ஊசி போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கவுசியின் ஞாபகம் வந்தது.

கவுசி, செல்வியின் மகள். செல்வி தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். வருடக்கணக்கான பழக்கம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அக்கா என்று, செல்போனில் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். பரிசு விழுந்திருக்கிறது, பேங்க் கணக்கை முடக்கிவிடுவோம் என்றெல்லாம் வருமே, அதைப் பார்த்துப் பயந்துபோய் வந்து நிற்பாள். கவுசியும் கூட வரும்போதெல்லாம் அவளுக்கு நான் ஒரு பாடம் நடத்தியிருக்கிறேன்.

“தோ பாருடி, பூட்டுப் படம் இருக்குதான்னு பாரு. செவப்பா எச்சரிக்கை வந்துச்சின்னா ஒண்ணையும் போடாத. யாரு சொன்னாலும் கேக்காத. மூடிட்டு எழுந்து வந்துடு.”

கவுசிக்கு நர்ஸாக வேண்டும் என்று ஆசை. சின்னப் பிள்ளையில் மீன் முள் குத்திய அப்பாவின் கைக்குக் கட்டுப் போட்டதிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியூர் விடுதியில் பெண்ணை விடமாட்டேன் என்று அவள் அப்பா பிடிவாதமாக இருந்தார். காலையில் பஸ் ஏறி சாயங்காலம் திரும்பிவிடுகிற தூரத்தில் என்றால் சிதம்பரம்தான். நல்ல காலேஜ், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று செல்வியிடம் சொன்னேன். அப்பா அரைமனதாகத் தலையாட்டிவிட்டார். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் மாமா மகனுக்குப் பேசி முடிப்பது, இல்லையென்றால் ஏதாவது வேலைக்கு அனுப்புவது என்று சேர்த்துச் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தை வெப்சைட்டில்தான் போட வேண்டும். கவுசியின் சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குக் கடைசி நாள் ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியாது. எப்போதோ போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கடைசி நாள் காலையில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. “என்னங்க, தளத்தத் தொறந்தா திருடங்க இருக்காங்கன்னு வருது? இன்னிக்கு அட்மிஷன் கடைசி நாளு, தெரியுமில்ல?”

சான்றிதழ் அன்று விடியற்காலையில் காலாவதியாகியிருந்தது. ஒரு மாதமாகவே ப்ளக்இன் தினமும் புதுப்பிக்கப் பார்த்து, தினமும் தோற்று, தோற்றேன் தோற்றேன் என்று மெயில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மெயிலெல்லாம், கல்லூரியிலிருந்து எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு எழுத்தரின் முகவரிக்குப் போயிருக்கின்றன. கையால் ஒட்டிய சீட்டின் நினைவு தீர்ந்துவிட்டதால், சான்றிதழ் தருகிறவர்கள் முதல்முறையாக ப்ளக்இன்னின் சீட்டைத் தேடி வந்திருக்கிறார்கள். சீட்டு அங்கே இல்லை. பதிகிறபோது டொமைன் பெயரை இரண்டு தடவை சேர்த்து, வேறு ஒரு முகவரியில், இல்லாத ஒரு கதவில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எழுதிய நாளிலிருந்தே அப்படித்தான்.

தணிகாசலம் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை.

“என்னா பாத்தீங்க?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

“பச்சையப் பாத்தேன் சார்” என்றேன்.

“நானும் ஒங்களப் பாத்தேன். பதிவப் பாக்கல” என்றார் அவர்.

மத்தியானத்துக்குள் கையால் பதிந்து சான்றிதழ் வாங்கிப் போட்டோம். பூட்டு வந்துவிட்டது. அடுத்த நாள் சாரும் நானும் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். கல்லூரி முதல்வர் உட்காரச் சொல்லியும் சார் உட்காரவில்லை. நின்றபடியே, “சோதனை எங்க பொறுப்பு. நாங்க சரியாப் பாக்கல. காரணம் சொல்ல வரல, தப்பு எங்களுதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்” என்றார். அமலா என்ற பெயர் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நான் அந்த அறையில் இருந்த ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமுடி நரைத்த மனிதர் என் பொருட்டு அப்படி நிற்பதைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்வர் பெரிய மனது வைத்து, விண்ணப்பத் தேதியை ஒரு நாள் நீட்டித்திருப்பதாகச் சொன்னார். தளத்திலேயே அறிவிப்பும் போட்டிருந்தார்கள். அப்பாடா, யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். கூடையை இறக்கியதுமே நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி எடுத்து என் பாத்திரத்தில் போட்டாள். பின்னால் கவுசி நின்றாள்.

“இது வெலைக்கு இல்லக்கா. ஒங்களாலதான் தப்பிச்சோம்” என்றாள் செல்வி.

“என்னாத்துலேந்து?”

“அந்தக் காலேஜிக்கு எழுதிப் போட இவ பிரவுசிங் சென்டருக்குப் போனா. தொறந்தா செவப்பா வந்துச்சாம். திருட்டுப் பசங்க சைட்டு. கடக்காரன் அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா, உள்ள போயிடலாம்னானாம். இவ சொன்னாளாம், வேணாண்ணே, எங்க அக்கா கம்ப்யூட்டர்ல வேல செய்றவங்க, செவப்பு வந்தா மூடிடச் சொல்லியிருக்காங்கன்னு. மூடிட்டு வந்துட்டா. இவ மார்க்கு, எங்க போன் நெம்பரு எல்லாம் அவன் கையில போயிருந்தா என்னாத்துக்கு ஆவறது?”

பாத்திரத்தைத் தரையில் வைத்தேன்.

“செல்வி, அது திருட்டு சைட்டு இல்ல. நெஜ காலேஜ்தான்.”

“இல்லக்கா, செவப்பா வந்துச்சே?”

“அந்தச் செவப்பு வந்தது என்னாலதான். காலேஜிக்கு அந்தப் பூட்ட போட்டுக் குடுத்தது எங்க ஆபீசு. டெஸ்ட் பண்ணி சரியா இருக்குதுன்னு சொன்னது நானு. நான் சரியாப் பாக்கல.”

செல்வி சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். “போங்கக்கா. நீங்களாவது தப்பு பண்றதாவது. இவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க” என்றாள். நான் மறுபடி சொன்னேன். இந்த இடத்தில், இப்படி ஆச்சு என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. எனக்காக என்னிடமே சண்டை போட்டாள். ஆபீசில் வேறு எவனோ செய்த தப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை.

கவுசி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மத்தியானம் போயிருந்தா தொறந்திருக்குமா ஆன்ட்டி?”

“தொறந்திருக்கும்.”

“அடுத்த நாளு?”

“அன்னிக்கும் தொறந்திருக்கும். தேதிய நீட்டிச்சாங்க.”

அவள் கீழே குனிந்துகொண்டாள். மீன் கூடையின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அழவில்லை. “சரி ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னாள்.

நான் அப்போதே கல்லூரியின் அட்மிஷன் மேடத்தின் செல்லுக்குப் போன் போட்டேன். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, பட்டியலும் போட்டாகிவிட்டது என்றார் அந்த மேடம். திங்கட்கிழமை தணிகாசலம் சாரிடம் சொன்னேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டு, தனியாகச் சிதம்பரம் போய் முதல்வரைப் பார்த்து ஒரு இடத்துக்காகக் கேட்டிருக்கிறார். தனக்கென்று எதையும் யாரிடமும் கேட்காத மனிதர். ஒருவரைச் சேர்த்தால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டாராம். அது நியாயம்தான். மறுநாள் காலையில் செக்லிஸ்ட்டின் தலையில் அந்த வரியை எழுதிவைத்தார். இனி ஒவ்வொரு சோதனைக்கும் யார் கையும் படாத புதுப் பெயர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடி வாங்கினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது. ரூலுக்கு என் பெயரும் வந்தது. இரண்டையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடமாவது கவுசி விண்ணப்பிக்கட்டும் என்று நான் நடையாக நடந்தேன். அவள் அப்பா இறங்கி வரவில்லை. மாமா மகன் கல்யாணத்தை மட்டும் அவள் எப்படியோ தள்ளிப்போட்டாள். தபாலில் பி.காம். சேர்ந்தாள். செல்வி இன்றைக்கும் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, “இது நல்லதாக்கா, திருட்டாக்கா?” என்று கேட்கிறாள். நான் பார்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண்ணில் தண்ணீர் முட்டும் வரை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிரவீன், இதோடு நிறுத்தியிருப்பேன். போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவர்கள், உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறை கைரேகை வைத்துச் சான்று காட்ட வேண்டும். அதற்காகத் தெருமுனையில் இருக்கிற இ-சேவை மையத்துக்குப் போனேன். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் கவுசி உட்கார்ந்திருந்தாள். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அவருக்காக அவள் எதையோ திறந்தபோது திரை சிவப்பானது. பெரியவர் பதறிப்போனார்.

“ஐயோ, மூடும்மா. திருட்டுப் பசங்களா?”

“இருங்க தாத்தா” என்றாள். எங்கேயோ அழுத்தி, சான்றிதழின் தேதியைப் பார்த்தாள். “நேத்தோட முடிஞ்சிருக்குது. திருடன் இல்ல தாத்தா. யாரோ பாக்காம வுட்டுட்டாங்க. இப்ப ஒண்ணும் போட வேணாம், நீங்க வூட்டுக்குப் போங்க. நாளைக்கு நானே தொறந்து பாத்து ஒங்களக் கூப்புடறேன்.”

அவள் அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். தளம் திறந்ததும் யாராவது மறுபடி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதையும்தான். அன்று அவளை யாரும் கூப்பிடவில்லை.

பெரியவர் எழுந்ததும் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மாறவில்லை. “வாங்க ஆன்ட்டி, உக்காருங்க” என்றாள். விரலை வைத்தேன். கருவி எடுக்கவில்லை. மறுபடி வைத்தேன், அப்போதும் எடுக்கவில்லை. சங்கடத்தை மறைக்க, சிரிக்கிற மாதிரி ஏதோ உளறினேன்.

“போன வருஷம் வெச்ச ரேகதான் அவுங்ககிட்ட இருக்குமே, அத வெச்சே குடுத்துடக் கூடாதா?”

“அது எப்படி ஆன்ட்டி? இப்ப இருக்கீங்களான்னு இப்பதான பாக்கணும்?”

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. வருகிற எல்லாருக்கும் சொல்கிற பதில்தான் போலிருக்கிறது. என் விரலைத் துணியால் துடைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து, ஒரு நர்ஸ் நாடி பிடிப்பது போலக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தாள். பிறகு விரலை மெதுவாக அழுத்தினாள். பச்சை வந்தது.

நான் எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, என் பெயரும் அன்றைய தேதியும் பதிவாகியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

“பாத்துட்டுப் போங்க ஆன்ட்டி” என்றாள்.

பார்த்தேன்.